புளிப்புக் கொய்யா கேட்ட மகளுக்கு

பேச்சிக்கு உன் அய்யா எழுதுவது. இங்கே நான், உன் ஆத்தா, இரண்டு மாடுகள், முப்பத்தேழு மரங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். மழை மட்டும் இன்னும் வரவில்லை. உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கிறது, நம் மரத்துப் பதியன் இரண்டு வேண்டும் என்று எழுதியிருந்தாய். வைக்கிறதுதான் வைக்கிறோம், நல்ல இனிப்புக் கொய்யாவாக வைத்தால் என்ன, புளிக்கிற மரத்தை யாராவது கேட்டு வாங்கி நடுவார்களா என்று சம்பந்தியம்மா சொன்னதையும் எழுதியிருந்தாய். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நீ இல்லை, நான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். பதியன்களை ஐப்பசியில் நானே ரயிலில் கொண்டு வருகிறேன். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் வந்து சேர்ந்துவிட வேண்டும். நேரில் வந்தேன் என்றால் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, அடுத்த ரயிலுக்குத் திரும்பிவிடுவேன். என்னை உனக்குத் தெரியும்.

ஒரே ஒரு காரியம் செய். இதை நீ மட்டும் படித்துவிட்டுப் பெட்டிக்குள் மடித்து வைத்துவிடாதே. மாப்பிள்ளையைச் சத்தமாகப் படிக்கச் சொல். சம்பந்தியம்மா கேட்கட்டும். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் வந்து உட்கார்ந்தாலும் நல்லதுதான். ஏன் என்று கடைசியில் உனக்கே விளங்கும்.

சம்பந்தியம்மாவுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். எங்கள் ஊர் திருமங்கலத்துக்குத் தெற்கே ஆறு மைல். கிணற்றை ஒட்டி அரை ஏக்கர் நிலம். அதில் வருஷா வருஷம் கடலை போடுவோம். வயிறு காயாது, அவ்வளவுதான். பேச்சிக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது, மலையடிவாரத்திலிருந்து ஒருவன் வண்டி நிறையக் கொய்யாக் கன்றுகள் கொண்டு வந்தான். "அண்ணே, தேனு மாதிரி இருக்கும். மூணே வருசம், அப்புறம் நீங்க கடலைப் பக்கமே திரும்ப மாட்டீக" என்றான். அவன் கையில் ஒரு பழமும் வைத்திருந்தான். வெட்டிக் கொடுத்தான். தேன் மாதிரியேதான் இருந்தது. உன் ஆத்தா மட்டும், "பழம் அவன் கையில இருக்கு, மரம் எங்க இருக்கு? மரத்தப் பாத்துட்டுல்ல கன்ன வாங்கணும்" என்றாள். "ஒனக்கு என்ன தெரியும்?" என்று அவள் வாயை அடைத்தேன். நாற்பது கன்று வாங்கினேன். விளைந்து நின்ற கடலையைப் பிடுங்கிய கையோடு குழி வெட்டினேன்.

அந்த மரங்களை வளர்த்தது நீ. நான் குழி வெட்டினேன், வேலி போட்டேன், மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்தேன். ஆனால் ஒரு கோடையில் இடப்பக்கம் பூட்டுகிற மாடு காலை ஒடித்துக்கொண்டு படுத்துவிட்டது. கமலை நின்றுபோனது. அப்போது நீ கிணற்றில் இறங்கி இறங்கி, குடத்தில் மொண்டு வந்து நாற்பது கன்றுக்கும் ஊற்றினாய். எத்தனை நாள் என்று நான் கணக்கு வைக்கவில்லை. உன் தோளில் குடம் பதிந்த தடம் கறுத்துப்போய், கல்யாணத்தன்று நலுங்கு வைத்தவர்கள் அதைப் பார்த்து என்னவென்று கேட்டார்களாம். மூன்று கன்றுகள் பட்டுப்போயின. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தாய். மிச்சம் முப்பத்தேழும் நின்றன.

மூன்றாம் வருஷம் காய்த்தது. சின்னச் சின்னப் பழம், எலுமிச்சை அளவு. ஆனால் வாசனை மட்டும் சாலை வரைக்கும் போனது. முதல் பழத்தைச் சாமிக்கு வைத்துவிட்டு நான் கடித்தேன். பல் கூசிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உன் ஆத்தா ஒன்று எடுத்துக் கடித்தாள். மிச்சத்தை மாட்டுக்குப் போட்டாள். அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது. "மொதக் காய்ப்பு அப்படித்தேன் இருக்கும்" என்றேன். எருவுக்காக ஆட்டுக் கிடை போட்டேன். சாம்பல் கொத்திவிட்டேன். வேரில் கருப்பட்டித் தண்ணீர் ஊற்றினால் பழம் இனிக்கும் என்று பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சொன்னதை நம்பி அதையும் ஊற்றினேன். ஊரில் உள்ள எறும்பு முழுதும் தோட்டத்துக்கு வந்ததுதான் மிச்சம். நீ சிரிப்பை அடக்க முடியாமல் வரப்பில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்த காய்ப்பும் அதே புளிப்புதான். மரம் தன் குணப்படி காய்த்தது. அதைக் கன்று வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளாதது என் புத்திக்குறை.

இனிமேல் சொல்வது சம்பந்தியம்மாவுக்கும் மாப்பிள்ளைக்கும் தெரியாத கதை. அந்தக் காய்ப்பைச் சந்தைக்குக் கொண்டுபோக முடிவு செய்தேன். முந்தின நாள் ஒரு தோப்பில் நல்ல இனிப்புக் கொய்யா ஒரு சின்னக் கூடை வாங்கி வந்து ஒளித்து வைத்தேன். விடியும் முன் நான்கு கூடையிலும் நம் பழத்தைக் கொட்டி, மேலே ஒரு வரிசைக்கு இனிப்புப் பழத்தை அடுக்கினேன். கேட்கிறவர்களுக்கு மேலே இருப்பதை வெட்டிக் கொடுத்து ருசி காட்டுவது, கீழே இருப்பதை அள்ளிக் கொடுப்பது. கன்று விற்றவன் எனக்குச் செய்த அதே வேலை. உன் ஆத்தாவுக்கு அன்று காய்ச்சல். அதனால் உன்னை வண்டியில் ஏற்றினேன். உனக்குப் பதினேழு வயது. வழியில் கூடையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "சும்மா வா" என்றேன்.

திருமங்கலம் சந்தையில் வெங்காயம் விற்கும் மூக்கம்மாள் கடைக்குப் பக்கத்தில் கூடைகளை இறக்கினோம். முதலில் வந்தவள் இடுப்பில் பிள்ளையோடு வந்த ஒரு பெண். பிள்ளைக்கு ஆறேழு நாளாகக் காய்ச்சல், அன்றுதான் விட்டிருந்தது. ஒன்றும் சாப்பிடாமல் கொய்யாப் பழம் கேட்டு அழுகிறதாம். நான் மேலே இருந்ததை வெட்டி ஒரு கீற்றைப் பிள்ளை கையில் கொடுத்தேன். அது சப்பிச் சாப்பிட்டது. அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. முந்தானையை ஏந்தினாள். நான் கூடைக்குள் கையை விட்டு அடியிலிருந்து அள்ளினேன்.

நீ என் கை மேல் உன் கையை வைத்தாய்.

"அக்கா, பிள்ள தின்னது வேற மரத்துப் பழம். கீழ இருக்கிறது புளிக்கும். காச்சக்காரப் பிள்ளைக்கு ஆகாது" என்றாய். அதோடு விட்டாயா? மேலே இருந்த இனிப்புப் பழம் எல்லாவற்றையும் எடுத்து அந்தப் பெண்ணின் முந்தானையில் போட்டாய். "இத மட்டும் கொண்டு போங்க" என்றாய். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன், "என்னய்யா வேவாரம் இது?" என்றான். யாரோ சிரித்தார்கள். என் மகள், நான் தோளில் தூக்கி வளர்த்தவள், நாலு பேர் முன்னால் என்னை இப்படி நிறுத்துவாளா என்று தோன்றியதே தவிர, நான் நிற்கிற இடம் என்ன என்று தோன்றவில்லை. கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் அடியைவிடக் கேவலமான ஒன்றைச் சொன்னேன். "நீ எனக்குப் பொறந்தவளா? இனிமே என் வண்டியில ஏறாத!" மாட்டைப் பூட்டினேன். ஆறு மைல் தூரத்தில், கூட்டத்துக்கு நடுவில், நான்கு கூடைப் புளிப்புப் பழத்தோடு உன்னை விட்டுவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் உன் ஆத்தா நின்றாள். "பிள்ளைய எங்க?" என்றாள். "வருவா" என்றேன். "வருவான்னா? எங்க விட்டீக?" நடந்ததைச் சொன்னேன். என் பக்கம் நியாயம் இருப்பது போலத்தான் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, காய்ச்சலோடு, போர்த்தியிருந்த சேலையோடு, "ஒங்க மானம் வண்டியேறி வந்துருச்சு. எம் பிள்ள நடந்து வாரா" என்று சொல்லிவிட்டுத் திருமங்கலம் சாலையில் நடக்க ஆரம்பித்தாள். பின்னால் போகக்கூட எனக்குத் துணிவில்லை. கிணற்றடியில் போய் உட்கார்ந்தேன். கோடரியை எடுத்துக்கொண்டு போய் மரங்களின் முன்னால் நின்றேன். முதல் மரத்தடியில் உன் குடத்தை வைத்து வைத்துத் தேய்ந்த கல் கிடந்தது. கோடரியைக் கீழே போட்டுவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு நீங்கள் இருவரும் வந்தீர்கள். உன் தலையில் நான்கு கூடைகள், ஒன்றுக்குள் ஒன்றாக. எல்லாம் காலி. என்னைத் தாண்டி உள்ளே போனாய். அடுப்படியில் உன் ஆத்தாவிடம் சொன்னதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"மூக்கம்மா சின்னாத்தாகிட்ட அருவாமனையும் உப்பும் மொளகாப் பொடியும் வாங்கிக்கிட்டேன் ஆத்தா. கீத்துப் போட்டு, பொடி தடவி, 'புளிப்புக் கொய்யா, புளிப்புக் கொய்யா'ன்னு கத்துனேன். மொதல்ல சிரிச்சாக. அப்புறம் பஞ்சாலையில இருந்து பொம்பளைக கூட்டமா வந்தாக. ஒருத்தி முழுகாம இருந்தா. நின்ன எடத்துலயே அஞ்சு தின்னா. பெறகு கெளப்புக்கடைச் சமையல்காரர் ஒருத்தர் வந்து ஒரு கீத்த வாயில போட்டுட்டு கண்ண மூடிக்கிட்டாரு. தொவையலுக்கு ஆகும், ஊறுகாய்க்கு ஆகும்னு மிச்சத்தப் பூரா வாங்கிக்கிட்டாரு. வாராவாரம் கொண்டு வரச் சொல்லிருக்காரு."

உன் குரலில் பெருமை இருந்தது. எனக்கும் பெருமைதான். உள்ளே வந்து, "பேச்சி, நீ செஞ்சதுதேன் சரி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் காலையில் கூடைகளைக் கழுவி வெயிலில் காயவைத்தேன். அதையே மன்னிப்பு என்று நீ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும் என்று ஆண்கள் நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். மாப்பிள்ளை, இதைப் படித்துக்கொண்டிருக்கிற நீங்களும் கேளுங்கள். விளங்காது. வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். புளிப்புக் கொய்யாவுக்குக் கிராக்கி வந்த பிறகு, ஊரில் யார் கேட்டாலும், "நான் தேடிப் பிடிச்சு நட்ட ரகம்" என்று மீசையைத் தடவிக்கொண்டு சொன்னேன். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு, களையைப் பிடுங்கிக்கொண்டிருப்பாய். ஒரு நாளும் என்னைத் திருத்தியதில்லை.

மரத்தை நட்டேனே தவிர, அந்தப் பழத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. அதெல்லாம் நீ கண்டுபிடித்தது. செங்காயாகப் பறித்தால் துவையல். பழுத்ததைப் பிசைந்து துணியில் வடிகட்டினால் கல் மாதிரி விதையெல்லாம் துணியில் நின்றுவிடும், சாற்றில் ரசம் வைக்கலாம். ஒரு தடவை அந்தச் சாற்றில் கருப்பட்டியைப் போட்டு அடுப்பில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாய். வந்து பார்த்தால் சுண்டிப்போயிருந்தது. பயந்துபோய் இறக்கி வைத்தாய். ஆறியதும் பாளம் பாளமாக வெட்டும்படி உறைந்திருந்தது. மாவு போடவில்லை, நெய் விடவில்லை. இனிப்புக் கொய்யாவில் இதைச் செய்து பார்த்தாய், பாகாக ஓடியது. புளிக்கிற பழத்துக்குத்தான் அந்தப் பிடிப்பு இருக்கிறது என்று சொன்னாய். சம்பந்தியம்மாவுக்கு ஒரு முறை செய்து கொடு. அப்புறம் இனிப்பு மரம் கேட்க மாட்டார்கள்.

யுத்தம் வந்து ரேஷன் வந்ததே, அந்த வருஷம் புளி கிடைக்காமல் ஊரே திண்டாடியது. நீ முன்கூட்டியே கீற்றுப் போட்டு, உப்பு விரவி, இரண்டு பானை வற்றல் காயவைத்திருந்தாய். தெருவில் யார் வீட்டில் குழம்பு வைத்தாலும் நம் வீட்டுக்குக் கிண்ணத்தோடு வந்தார்கள். கிண்ணத்தோடு வந்த யாரையும் நீ திருப்பி அனுப்பவில்லை. உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை மூன்று முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டாரே, அது அந்த வற்றல் குழம்புதான். புளி என்று நினைத்துக்கொண்டிருந்தால் இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

நடுகிற விதத்தை நீ அறிவாய். இருந்தாலும் அப்பன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்? தாழ்ந்த கிளையில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, வளைத்து மண்ணில் பதித்து, மேலே கல் வைத்திருக்கிறேன். வேர் இறங்கிவிட்டது. நான் வருவதற்குள் முழங்கை ஆழத்துக்கு இரண்டு குழி வெட்டி ஆறப்போடு. தண்ணீர் தேங்கக் கூடாது. பூக்கிற காலத்துக்கு முன்னால் கொஞ்ச நாள் தண்ணீரை நிறுத்திக் காயப்போடு, பாவம் பார்க்காதே. நுனியைக் கிள்ளிவிட்டால் புதுத் துளிர் வரும், அதில்தான் பூ வைக்கும். யார் சொன்னாலும் கருப்பட்டித் தண்ணீர் ஊற்றாதே. நாளைக்கு உனக்குப் பிள்ளைகள் பிறந்தால், அதுகளிடமும் ஊற்றாதே. என்ன குணத்தோடு வருகிறதோ அதைப் பார்த்து, அதற்கு என்ன செய்யலாம் என்று பார்.

இனிக் கடைசி விஷயம். அந்தச் சந்தைக்கு அடுத்த வாரமும் நான் போனேன் அல்லவா? பயந்துகொண்டேதான் போனேன். ஏமாற்றுக்காரன் என்று யாராவது சொல்வார்கள், முகத்தில் துப்புவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மாறாக, மரியாதையாகப் பேசினார்கள். நாளாக நாளாக, தராசில் தகராறு வந்தால் என்னைத்தான் கூப்பிட்டார்கள். "அண்ணே, நீங்க வந்து சொல்லுங்க, நீங்க சொன்னா சரி" என்பார்கள். என் வயசுக்கும் மீசைக்கும் கிடைக்கிற மரியாதை என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன சந்தையன்று உன் கடிதம் வந்த சந்தோஷத்தில் மூக்கம்மாளிடம், பேச்சி புளிப்புக் கொய்யாப் பதியன் கேட்டிருக்கிறாள் என்று சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, "கேக்க மாட்டாளா? ஆனா அன்னைக்கு நீங்க அம்புட்டுக் கோவப்பட்டிருக்கக் கூடாதுண்ணே. சின்னப் பிள்ள தெரியாமச் செஞ்சது" என்றாள். எனக்குப் புரியவில்லை. "என்ன செஞ்சா?" என்றேன். "அதேன், இனிப்புப் பழத்த மேல அடுக்குனது. நீங்க வண்டியப் பூட்டிக்கிட்டுப் போனதும் நாலு பேரு ஒங்களத் திட்டுனாங்கெ. ஒடனே பேச்சி சொல்லிட்டாளே. 'எங்கய்யாவுக்கு ஒன்னும் தெரியாது. கூடைய நாந்தேன் அடுக்குனேன். பிள்ளையப் பாத்து மனசு கேக்காம நாஞ் சொன்னப்பத்தேன் அவருக்கே தெரிஞ்சுது. அதேன் கோவிச்சுக்கிட்டு என்னைய விட்டுட்டுப் போறாரு'ன்னு. அதுக்கப்புறம் ஒருத்தன் வாயத் தொறக்கலையே. பெத்த மகளையே தப்புக்காக விட்டுட்டுப் போற மனுசன்னு அன்னையிலிருந்து ஒங்க மேல எல்லாருக்கும் ஒரு இது."

பேச்சி, நான் அந்த வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். ஒரு காய்ச்சல்காரப் பிள்ளைக்காகப் பெற்றவன் கையையே பிடித்து நிறுத்தியவள் நீ. பொய் உன் வாயில் வரவில்லையே என்று நான் உன்மேல் கோபப்பட்டேன். அதே வாயால், நான் போன வண்டியின் புழுதி அடங்குவதற்குள், எனக்காக ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறாய். அந்தப் பழியோடு நாள் முழுக்க அதே இடத்தில் நின்று விற்றிருக்கிறாய். வீட்டுக்கு வந்து உன் ஆத்தாவிடம்கூட அதைச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் நான் மீசையைத் தடவியபோதெல்லாம் சும்மா இருந்தாய். உன்னைப் போல ஒரு பிள்ளையைப் பெற்றவன் எவனும் இந்தத் திருமங்கலம் சுற்றுவட்டாரத்தில் இல்லை. இதை நான் சந்தை நடுவில் நின்று சொல்வேன்.

சொல்லியும்விட்டேன். எழுந்து நின்று, பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, அன்று நடந்ததை உள்ளபடி சொன்னேன். மூக்கம்மாள் தராசைக் கீழே வைத்துவிட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. இனிமேல் தராசுத் தகராறுக்கு என்னைக் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ, தெரியாது. ஆனால் நீ புகுந்த ஊரில் உன்னை அறிந்தவர்களுக்கும் தெரிய வேண்டும். அதனால்தான் சத்தமாகப் படிக்கச் சொன்னேன்.

சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, அங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோரும் கேளுங்கள். அந்தக் கூடைகளை அடுக்கியது நான்.

இப்படிக்கு,
உன் அய்யா